எஃப் ஒன்னை அழுத்திப் பிடிக்கவும்

ஆபீஸில் அவளுக்குக் கீபோர்டு அக்கா என்று பேர். வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அவள் மவுஸைத் தொடவே மாட்டாள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்து அம்புக்குறியைத் திரை முழுக்க மேயவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. "கையை எடுங்க, நான் பண்றேன்" என்று சொல்லி இரண்டே விசையில் வேலையை முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்து, இப்போது அவரவர் பிள்ளைகளைக் கேட்கப் போய்விட்டார்கள்.

கம்பெனியில் மற்ற எல்லோரும் பிரவுசரில் ஓடுகிற புது மென்பொருளுக்கு மாறி, மாடிக்கும் மாறிவிட்டார்கள். மாடியில் கண்ணாடிச் சுவர், காபி மெஷின், எந்நேரமும் பேச்சுச் சத்தம். கீழ்த்தளத்து அறையில் அவளும், ஓடாத இரண்டு பிரிண்டர்களும், ஓயாமல் ஓடுகிற ஒரு சர்வரும் மிச்சம். பழைய கேபிள் தேவைப்பட்டால் ஒழிய யாரும் கீழே இறங்கி வருவதில்லை. வந்தாலும் கேபிளைத்தான் விசாரிப்பார்கள்.

அவள் எழுதியது, மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் கிடங்குகளுக்கான பில் போடும் நிரல். கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஓடுகிற பழைய ஜாதி. திரையில் ஒரு படிவம், அதில் பெட்டி பெட்டியாக மருந்தின் பேர், எண்ணிக்கை, விலை. பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் கீபோர்டில் கை வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். படிவத்தில் எந்தப் பெட்டியில் நின்று எந்த விசையை அழுத்தினாலும், அது பெட்டிக்குப் போவதற்கு முன்னால் படிவத்தின் கைக்கு வந்துவிடும்படி செய்திருந்தாள். வீட்டில் யார் பேருக்குத் தபால் வந்தாலும் முதலில் வாசலில் நிற்பவர் வாங்கிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. என்டர் வந்தால் அடுத்த பெட்டிக்குப் போ. கடைசிப் பெட்டியில் என்டர் வந்தால் புது வரி போடு. எஸ்கேப் வந்தால் தப்பாக அடித்ததை அழி. எஃப் ஒன் வந்தால் உதவி கேட்கிறார்கள் என்று அர்த்தம். கீபோர்டு அக்காவைக் கூப்பிடு.

அந்த எஃப் ஒன், கம்பெனியின் பழைய முதலாளி காலத்து ஏற்பாடு. கிடங்கில் யாராவது அதைத் தட்டினால் அவள் கம்ப்யூட்டரில் 'டிங்' என்று ஒலிக்கும், எந்தக் கிளை, எந்தக் கவுண்டர் என்று காட்டும். உடனே அவள் அந்தக் கவுண்டருக்குப் போன் போட்டு என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டும். வருஷக்கணக்கில் அதை யாரும் தட்டியதில்லை. பக்கத்து ஸீட்டில் கேட்டால் தெரிகிற விஷயத்துக்கு யார் மெனக்கெடுவார்கள்?

அப்படியிருக்க ஒரு நாள் மத்தியானம் 'டிங்' என்றது. பெரிய கிடங்கு, மூன்றாம் கவுண்டர். அவளுக்கு ஒரு நிமிஷம் அது என்ன சத்தம் என்றே பிடிபடவில்லை. பிறகு பதறிப்போய்ப் போன் போட்டாள்.

"உதவி கேட்டிருந்தீங்க. என்ன பிரச்சினை சார்?"

"நானா? நான் ஒண்ணும் கேட்கலையேம்மா." வயதான ஆண் குரல். நிதானமாக, கொஞ்சம் கரகரப்பாக. "ஐயோ, எதையாவது அமுக்கிட்டேனா?"

"எஃப் ஒன் அழுத்தியிருக்கீங்க."

"அது எஸ்கேப்புக்குப் பக்கத்துலதானே இருக்கு. எஸ்கேப்பைத்தாம்மா அமுக்கப் போனேன். கை கொஞ்சம் ஆடும். பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். பயப்படறது நான்தானே, அவருக்கென்ன."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்வர் அறையில் அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் பார்த்தால் நமக்குத்தான் வருத்தம்.

மறுநாளும் டிங். அதற்கு மறுநாளும். "ஐயோ, அமுக்கிட்டேனா?" என்றுதான் அவர் போனை எடுப்பார். பிறகு, "சரி, எடுத்தது எடுத்தாச்சு, சாப்பிட்டாச்சாம்மா?" என்பார். அவளைக் கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். கம்ப்யூட்டரைப் பெற்றதே அவள்தான் என்கிற மாதிரி இருக்கும், கேட்க.

மத்தியானத்தில் கிடங்கில் லாரி வராத நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில்தான் பேச்சு. பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்கு மேலே சுற்றும் ஃபேன் எந்தப் பக்கம் விழும் என்று பக்கத்துக் கவுண்டரில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள் என்பார். இருமல் மருந்து அட்டைப்பெட்டிக்குள் பூனை குட்டி போட்டதைச் சொல்வார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். "அண்ணி தங்கமானவங்கம்மா. ஆனா வீட்டுல டிவிதான் பேசும், நாங்க கேட்போம்." அவள் பதிலுக்குத் தன் பக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்று தேடுவாள். சர்வர் இன்று கொஞ்சம் அதிகமாக இரைகிறது என்பாள். அதையும் அவர் அக்கறையாக விசாரிப்பார்: "தண்ணி கிண்ணி ஊத்திப் பாருங்களேன்."

ஒரு நாள் ரிப்பேர்காரர் வந்துபோன கதையைச் சொன்னார். "விரலை எடுக்கறதுக்குள்ள எழுத்து ரெண்டு மூணா விழுந்துடும்மா. பத்து பாட்டில் கேட்ட கடைக்காரனுக்கு ஆயிரம் பாட்டில் பில் போட்டு, அவன் கல்யாணத்துக்குக் குடுக்கவான்னு கேட்டான். ரிப்பேர்காரர் வந்தார். மனுஷன் கீபோர்டைத் தலைகீழாக் கவுத்துத் தட்டினார் பாருங்க, அதுக்குள்ளேருந்து நாலு தலைமுறை பிஸ்கட் தூள். அப்புறம் ஏதோ ஒண்ணை மாத்திவிட்டார். இப்ப எவ்வளவு நேரம் அமுக்கினாலும் ஒண்ணுதான் விழுது." அவள் பிஸ்கட் தூளுக்கே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மிச்சம் காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு விஷயம் தப்பிப்போவது உலக வழக்கம்தான்.

எஃப் ஒன் தவறுதலாகப் படுவதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும். படிவத்தின் கைக்கு வருகிற அந்த விசையை, வந்த இடத்திலேயே விழுங்கிவிடச் சொல்ல வேண்டியதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவாள். எழுதவில்லை. வேலையில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால்கூடச் சோறு இறங்காதவள், இந்த ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போனாள். காலையில் வந்ததும் மத்தியானத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவாள். அது அவளுக்கே தெரியும். தெரிந்து வெட்கமாகவும் இருந்தது.

மேனேஜர் கீழே இறங்கி வந்தபோது கேபிளுக்காகத்தான் என்று நினைத்தாள். அவளைவிடச் சின்னவன், நல்ல பிள்ளை, எந்நேரமும் அவசரம்.

"அக்கா, அந்தப் பெரிய கிடங்குல மூணாம் கவுண்டர். அங்க யாரு இருக்கா?"

"ஏன்?"

"எஃப் ஒன் ஒவ்வொண்ணும் ஒரு புகார்னு ரிப்போர்ட்ல ஏறுது. மத்த கிளை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு ஆளுக்கு ஈடாகாது. அவங்க ஹெட் ஆபீஸ்ல கேட்கறாங்க, மென்பொருள் சரியில்லையா, இல்ல உட்கார்ந்திருக்கற ஆள் சரியில்லையான்னு."

"மென்பொருள் நல்லாத்தானே இருக்கு." வாய் தவறி வந்துவிட்டது.

"அப்ப ஆள்தான்." அவன் தோளைக் குலுக்கினான். "வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவாங்க. பாவம், வயசானவராம். என்னன்னு பார்த்து எஃப் ஒன்னைச் சரி பண்ணிடுங்கக்கா. ஒரு வரிதானே?"

"ஒரு வரிதான்" என்றாள்.

அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் மத்தியானத்துக்காக ஒரு மனுஷனின் பிழைப்பில் கை வைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினாள். ஆனால் அந்த ஒரு வரியை அல்ல. அதை எழுத விரல் வரவில்லை.

ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால், அது ஒரு தடவை அழுத்தியதாக நிற்காது. அழுத்தினான், அழுத்தினான், அழுத்தினான் என்று கீபோர்டு சொல்லிக்கொண்டே இருக்கும். எழுத்து வரிசையாக ஓடுவதும், அழிக்கிற விசையைப் பிடித்தால் முழு வரியும் காணாமல் போவதும் அதனால்தான். அப்படி எத்தனை தடவை வருகிறது என்று நிரலை எண்ணச் சொன்னாள். எஃப் ஒன் ஒரு தடவை பட்டால் படிவம் அதை விழுங்கிவிடும். தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால்தான், இது கை ஆடியதால் பட்டது இல்லை, வேண்டுமென்றே பிடித்திருக்கிறார்கள் என்று டிங் அடிக்கும். அப்படி வருவது ரிப்போர்ட்டில் ஏறாமல், அவள் திரைக்கு மட்டும் வரும்படி செய்தாள். அதை மேனேஜரிடம் சொல்லவில்லை. படிவத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி வைத்தாள்: 'உதவிக்கு எஃப் ஒன்னை அழுத்திப் பிடிக்கவும்.'

மறுநாள், புது நிரல் கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால், கடைசியாகத் தவறுதலாக டிங் வந்தது.

"ஐயோ, அமுக்கிட்டேனா?"

"அமுக்கிட்டீங்க சார். நாளையிலேருந்து பயமில்லை. தெரியாம பட்டா இனிமே வராது."

"அப்படியா?"

"வேணும்னா அழுத்திப் பிடிக்கணும். கொஞ்ச நேரம் விடாம பிடிச்சாத்தான் எனக்கு வரும்."

"அப்போ, வேணும்னு நினைச்சாத்தான் வரும்" என்றார்.

"ஆமா சார்."

"சரிம்மா. நல்லது." வேறு ஏதோ சொல்ல வந்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

இதுவரை வந்த ஒவ்வொரு போனுக்கும் அவருடைய ஆடுகிற கை சாக்காக இருந்தது. அவருக்கும் கௌரவம், அவளுக்கும் கௌரவம். இனி சாக்கு இல்லை. இனி டிங் என்றால், ஒருவர் அவளோடு பேச வேண்டும் என்று நினைத்து விரலை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படி நினைக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவராவது உண்டா என்பது நாளை மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை.

மத்தியானம் வந்தது, போனது. டிங் வரவில்லை.

லாரி வந்திருக்கும் என்று நினைத்தாள். மறுநாள், லீவு போட்டிருப்பார் என்று நினைத்தாள். அதற்கு மறுநாள் நினைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தன் கம்ப்யூட்டரிலேயே அந்தப் படிவத்தைத் திறந்து எஃப் ஒன்னை அழுத்திப் பிடித்தாள். டிங் என்று கணீரென்று அடித்தது. இன்னொரு கம்ப்யூட்டரில் பார்த்தாள். அங்கும் டிங். தானே தன்னைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நிரலில் கோளாறு இல்லை. அப்படியானால் விஷயம் வெட்ட வெளிச்சம். அவர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தெரியாமல் விரல் பட்டதற்கு ஒரு பொம்பளை தினமும் போன் போட்டு உயிரை வாங்கினாள், மனுஷன் மரியாதைக்குப் பேசிக்கொண்டிருந்தார், இப்போது விட்டது தொல்லை என்று நிம்மதியாகப் பில் போட்டுக்கொண்டிருக்கிறார். இதற்குப் போய் நாம் என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று அவளுக்குக் காது வரைக்கும் சூடாயிற்று.

வாரம் போய் இன்னொரு வாரமும் போயிற்று. மேனேஜர் மாடிப்படியிலிருந்தே கத்தினான்: "அக்கா, மூணாம் கவுண்டர்ல ஒரு புகார்கூட இல்லை! கலக்கிட்டீங்க!" அவள் சிரித்து வைத்தாள்.

அவளே கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கவுண்டர் நம்பர் அவளிடம் இருந்தது. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் போடுவாள், அதற்குக் காரணம் இருக்கும். பையனுடைய லேப்டாப், வீட்டுக்காரருடைய பாஸ்வேர்டு. காரணம் முடிந்தால் போனும் முடிந்துவிடும். இவளும் யாரையும் காரணமில்லாமல் கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்வதைப் பஸ்ஸில் கேட்டிருக்கிறாள். எப்படி நாக்கு வருகிறது இவர்களுக்கு என்று ஆச்சரியமாக இருக்கும். அந்த வார்த்தையைச் சொல்ல, எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு தைரியம் வேண்டும். அது அவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் கவுண்டரிலிருந்து டிங் வந்தது.

கண்ணாடியைக்கூடப் போடாமல் நம்பரை அழுத்தினாள். "சார்!"

"ஹலோ? நான் மூணாம் கவுண்டர்." இளம் பெண் குரல். "அட, நிஜமாவே வந்துட்டீங்களே! நீங்கதான் கம்ப்யூட்டரம்மாவா?"

"அங்க ஒரு சார் இருப்பாரே."

"அவரா? வெள்ளிக்கிழமையோட நின்னுட்டார் மேடம். கை ரொம்ப ஆட ஆரம்பிச்சுடுச்சு. அவரே வந்து போதும்னு சொல்லிட்டார். எனக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்குடுத்தார். எஃப் ஒன்னைப் பிடிச்சா ஒரு அம்மா பேசுவாங்க, நல்ல மாதிரி, ஆனா இப்பல்லாம் பேசறதில்லைன்னார். அதான் வருதான்னு பிடிச்சுப் பார்த்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பேசறதில்லைன்னா சொன்னார்?"

"ஆமா மேடம். தினமும் மத்தியானம் அந்த பட்டனைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாராம். பக்கத்து கவுண்டர்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்களாம், சார் கம்ப்யூட்டருக்கு நாடி பார்க்கறார்னு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிடிச்சா எனக்கு வந்திருக்கணுமே" என்றாள்.

"இந்த மெஷின்லதான் எதைப் பிடிச்சாலும் ஓடாதே. அழிக்கற பட்டனை எவ்வளவு நேரம் பிடிச்சாலும் ஒரு எழுத்துதான் அழியுது. எனக்குப் பைத்தியமே பிடிச்சுடுச்சு. காலையில ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். சாரோட கைக்காக ஏதோ மாத்தி வச்சிருந்தாராம், அதை எடுத்துவிட்டார். இப்ப நல்லா ஓடுது."

'இப்ப எவ்வளவு நேரம் அமுக்கினாலும் ஒண்ணுதான் விழுது.' அவர் சொன்னார். அவளிடம்தான் சொன்னார். அவள் பிஸ்கட் தூளுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொல்லாமல், விரல் எப்போது இறங்கியது, எப்போது எழுந்தது என்று நேரம் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். அவருடைய கம்ப்யூட்டரிலும் வேலை செய்திருக்கும். ஊரில் உள்ள அத்தனை கீபோர்டிலும் ஓடுகிற ஒரு வேலையைச் செய்து, அதை யாருக்காகச் செய்தாளோ அவர் ஒருவரின் கீபோர்டில் மட்டும் ஓடாமல் வைத்திருந்திருக்கிறாள். அங்கே அவர் விரல் வலிக்கப் பிடித்துக்கொண்டிருக்க, இங்கே இவள் தன் கம்ப்யூட்டரில் டிங் டிங் என்று அடித்துப் பார்த்து, மனுஷனைக் கல்நெஞ்சுக்காரர் ஆக்கியிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. தன்மேல் வந்த கோபத்தில் மேஜையை ஒரு குத்துக் குத்தினாள்.

உடனே நிரலைத் திறந்தாள். இரண்டு நிமிஷத்தில் திருத்திவிடலாம். பாதி வரி அடித்த பிறகு கை நின்றுவிட்டது. திருத்தி என்ன? மூன்றாம் கவுண்டரில் அவர் இல்லை. இனி எந்தப் படிவமும் அவர் விரலை வாங்கி இவளிடம் கொண்டுவந்து தராது.

அந்தப் பெண்ணையே திரும்பக் கூப்பிட்டு அவருடைய நம்பரைக் கேட்டாள். ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்கும்படி, திரைக்கு ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாராம். எழுதிக்கொண்டாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மனசு மாறுவதற்குள் அழுத்தினாள்.

போன் வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் டிவி பேசிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"நான்... கம்ப்யூட்டரம்மா."

ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, டிவி அடங்கியது.

"நான் இப்ப எதையும் அமுக்கலையேம்மா" என்றார். பழைய வேடிக்கைக் குரல் இல்லை. எட்டி நின்று பேசுகிற மரியாதை.

"தெரியும் சார். நீங்க முன்னாடி பிடிச்சது எதுவும் எனக்கு வரலை. அதைச் சொல்லத்தான்..." அவள் அவசர அவசரமாக விளக்கினாள். ரிப்பேர்காரர் மாற்றியது, பிடித்தாலும் ஒன்றே ஒன்றாக வந்தது, அந்த ஒன்றை அவளுடைய படிவமே விழுங்கியது, எண்ணியதற்குப் பதில் நேரம் பார்த்திருக்க வேண்டியது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ, வரவே இல்லையா?" என்றார்.

"வரவே இல்லை சார்."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட வரலை. நான் தினமும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நான் வேற மாதிரி நினைச்சுட்டேம்மா."

"நானும்தான் சார்."

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சர்வர் இரைந்துகொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடந்ததைச் சொல்லியாயிற்று, இனி வைத்துவிடுவாள் என்று எதிர்பார்ப்பவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா? வேற ஏதாவது வேலை இருக்கா?"

ஒரு காரணம் கிடைக்காதா என்று பழக்க தோஷத்தில் மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை ஒண்ணுமில்லை சார்" என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன்."